குளிர் ஊரிலும் கொதிக்கும் கணனி

தோட்டங்களில் சம்பளம் கொடுத்த மறுநாள் ஹட்டன் நகரத்தில் கால் வைக்க இடமிருக்காது. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை என்று நாலாபுறமிருந்தும் வரும் பஸ்கள் சனத்தை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மாத வியாபாரத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு மூன்று நாட்களில்தான் நடக்கிறது என்பது அங்கு கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அப்படியொரு நாளில், பலசரக்கை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கும் நண்பர் ஒருவரின் கடையில் பில் போடும் கணனி படுத்துவிட்டது.

படுத்துவிட்டது என்றால் முற்றாக நின்றுவிடவில்லை. காலையில் நன்றாகத்தான் இருந்தது. பதினொரு மணிக்குப் பிறகு ஒரு சாமானின் பெயரை அடித்தால் அது திரையில் வருவதற்கு எண்ணிப் பத்து வினாடி பிடித்தது. ளுஹருக்குப் பிறகு இரண்டு தடவை தானாகவே அணைந்துபோனது. வரிசையில் நின்றவர்களில் பலர் எடுத்த சாமான்களை மேசையிலேயே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் வந்து பார்த்த டெக்னீசியன் மூடியைக்கூடக் கழற்றாமல், "நானா, மெஷின் பழசு. இனி இதுல செலவழிச்சு வேலயில்ல. புதுசு ஒன்டு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நண்பரும் புதியதொன்றுக்கு விலை கேட்கத் தொடங்கிவிட்டார். லீவில் வீட்டுக்கு வந்திருந்த அவரது மருமகன்தான் எதற்கும் பார்ப்போம் என்று பக்க மூடியைக் கழற்றியிருக்கிறார். புரோசஸருக்கு மேலுள்ள சிறிய ஃபேனை எடுத்ததும் அதன் கீழே தலையணைப் பஞ்சைப் போல ஒரு சாம்பல் நிறத் திரை. அலுமினியத் தகடுகளின் இடைவெளி ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தூரிகையால் அதைச் சுத்தம் செய்து, காய்ந்து மாவாகியிருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதியதைப் பூசி மூடினார். அல்ஹம்துலில்லாஹ், அன்று அஸருக்குப் பிறகு அதே பழைய மெஷின் புதியதைப் போல ஓடியது. செலவு ஒரு சிறிய பேஸ்ட் குழாய் மட்டுமே.

இதைக் கேட்டபோது எனக்குள் எழுந்த கேள்விதான் உங்களுக்கும் எழும். கொழும்பிலோ காத்தான்குடியிலோ கணனி சூடாகிறது என்றால் நியாயம். கம்பளிச் சட்டையுடன் கல்லாவில் உட்காரும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அது எப்படிக் கொதிக்கும்?

சூடு வெளியிலிருந்து வருவதில்லை

காலநிலையால் கணனி சூடாகிறது என்று நினைப்பதே முதல் தவறு. கணனி தன் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. அலுவலகக் கணனிகளில் சாதாரணமாகக் காணப்படும் புரோசஸர் ஒன்றின் வெப்ப அளவு 65 வோட் என்று குறிக்கப்பட்டிருக்கும். பழைய 60 வோட் குண்டு பல்பு எரியும்போது அதைக் கையால் தொட முடியாது என்பது நமக்குத் தெரியும். ஏறத்தாழ அதேயளவு சூடு, பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு சிலிக்கன் துண்டில் பிறக்கிறது. பில் போடும் வேலைக்கு அவ்வளவு மின்சாரம் எப்போதும் தேவைப்படாதுதான். ஆனால் பின்னணியில் வைரஸ் தேடும் மென்பொருள் ஓடும்போதும், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதும் அந்த உச்சத்தைத் தொட்டுவிடும்.

இந்தச் சூடு வெளியேறும் வழி ஒரு சங்கிலியைப் போன்றது. சிலிக்கனிலிருந்து அதன் உலோக மூடிக்கு. மூடியிலிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட் சிங்க் எனப்படும் அலுமினியத் தகடுகளுக்கு. தகடுகளிலிருந்து ஃபேன் தள்ளும் காற்றுக்கு. அந்தக் காற்று கேசிங்கை விட்டு வெளியே. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

2001ஆம் ஆண்டு கணனி இதழொன்று செய்து காட்டிய சோதனை அக்காலத்தில் உலகெங்கும் பேசப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கணனியிலிருந்து ஹீட் சிங்கை அப்படியே கழற்றினார்கள். ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லோன் புரோசஸர் சில வினாடிகளில் புகைந்து கருகியது. இன்டெல்லின் பென்டியம் 4 கருகவில்லை. தன் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு ஊர்ந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. தன் வெப்பத்தைத் தானே அளந்து, எல்லை மீறினால் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு அதற்குள் இருந்ததே காரணம். இன்று எல்லா நிறுவனங்களின் புரோசஸர்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. இன்டெல்லின் பல புரோசஸர்களில் இந்த எல்லை 100 பாகை செல்சியஸ் ஆகும். அதையும் தாண்டினால் கணனி தன்னை அணைத்துக்கொள்ளும்.

பொருளைக் காப்பாற்றுவதற்கென வந்த இந்த நல்ல ஏற்பாடுதான் வியாபாரிக்கு ஒருவகையில் வினையாகிப் போனது. புகை வந்தால் எவரும் விழித்துக்கொள்வார். மெதுவானால்? "வைரஸ் புகுந்துவிட்டது" என்போம். "பழசாகிவிட்டது" என்போம். ஃபோர்மட் பண்ணக் கொடுப்போம். ஃபோர்மட் பண்ணிய பிறகும் தகடுகளில் பஞ்சு அப்படியேதான் இருக்கும்.

மலைக்காற்றின் வரவு செலவு

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1270 மீற்றர் உயரத்தில் ஹட்டனும், 1868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாவும் அமைந்துள்ளன. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. கொழும்பில் அது 27ஐத் தாண்டும். உலகின் பெரிய நிறுவனங்கள் தமது கணனிக் கூடங்களுக்குக் குளிர்காற்றைத் தேடி வடதுருவ வட்டத்துக்கு அருகில் செல்கின்றன. பேஸ்புக் நிறுவனம் சுவீடனின் லூலியோ நகரில் 2013ல் திறந்த கூடம் இதற்கு நல்ல உதாரணம். அவர்கள் பணம் கொடுத்துத் தேடிப்போகும் காற்று மலையகத்து வியாபாரிக்குக் கதவைத் திறந்தாலே வருகிறது.

ஆனால் ஒரு சிறு கழிவும் உண்டு. உயரே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளும் காற்றில் சூட்டைச் சுமந்து செல்லும் சரக்கு குறைந்துவிடுகிறது. சேர்வர் கணனிகளுக்கான சர்வதேச விதிகளில் இதற்கென்றே ஒரு தள்ளுபடி வைத்திருக்கிறார்கள். சுமார் 900 மீற்றருக்கு மேல் ஒவ்வொரு 300 மீற்றருக்கும், அனுமதிக்கப்படும் அறை வெப்பநிலையில் ஒரு பாகையைக் குறைக்க வேண்டும்.

வியாபாரிகளுக்குப் புரியும்படி கணக்காகவே பார்ப்போம். கொழும்பில் 31 பாகை அறையில் ஒரு புரோசஸர் அறையைவிட 40 பாகை அதிக சூட்டில், அதாவது 71ல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே நுவரெலியாவில் 18 பாகை அறையில் வைத்தால் 58 வர வேண்டும். காற்று மெலிவாக இருப்பதால் அந்த 40 சுமார் 45 ஆகி, 63 வரும். கையில் நிற்கும் இலாபம் 13 அல்ல, ஏறத்தாழ 8 பாகைதான். பரவாயில்லை, இலாபம் இலாபமே. அந்த எட்டையும் நாமே தொலைக்காமலிருந்தால் போதும்.

தொலைப்பது எப்படி?

நமது கடைகளில் கணனிக்குக் கிடைக்கும் இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கல்லா மேசைக்குக் கீழே, கதவு வைத்த மரப்பெட்டிக்குள். பின்பக்கம் சுவரோடு ஒட்டி. முன்னால் சீனி மூட்டையும் மாவு மூட்டையும். குளிர், தூசி, கள்ளன் என்று எல்லாவற்றிலிருந்தும் பாதுகாப்பதாக நினைத்துத்தான் அப்படி வைக்கிறோம். காற்று போக வழியில்லாத சிறிய மரப்பெட்டிக்குள் கணனி பகல் முழுவதும் ஓடினால், உள்ளே 15 பாகை கூடிவிடுவது பெரிய விடயமல்ல. 18 பாகை 33 ஆகிவிடும். நுவரெலியாவில் கடையை வைத்துக்கொண்டு கணனியை மட்டும் கொழும்புக்கு அனுப்பியதற்குச் சமம். அதற்கு மேல் மெல்லிய காற்றின் கழிவு வேறு. கையேடுகளில் பெரும்பாலும் 10 முதல் 35 பாகை வரையான சூழலில் பாவிக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த எல்லையின் விளிம்பில் நமது மெஷின் நாள்தோறும் நின்றுகொண்டிருக்கிறது.

நண்பரின் கடையில் இன்னொன்றும் இருந்தது. கேசிங்குக்கு மேல் அழகான பூவேலைத் துணி ஒன்று. வீட்டில் தைத்துக் கொடுத்தது. முன்னாலும் பக்கத்திலும் தொங்கி, காற்று உள்ளே வரும் துளைகளைச் சரியாக மூடிக்கொண்டிருந்தது. இப்படித் துணியோ பிளாஸ்டிக் உறையோ போர்த்தியபடியே கணனியை ஓட்டுவோர் அநேகர். குளிர்காலத்தில் மேசைக்கடியில் மின்சார ஹீட்டர் வைத்துக்கொள்வோர் நுவரெலியாவில் உண்டு. அதன் பக்கத்திலேயே கணனியும் நிற்கும். யூ.பி.எஸ்.ஸைக் கேசிங்குக்கு மேல் ஏற்றி வைப்பது வேறொரு பழக்கம். யூ.பி.எஸ்.ஸும் சூடாகும் பொருள்தான். சூடு கூடினால் அதன் பற்றரியின் ஆயுளும் குறையும்.

தேயிலை பொதி செய்யும் இடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சலிக்கும்போதும் பொதி கட்டும்போதும் பழுப்பு நிறமான மெல்லிய பஞ்சு காற்றில் மிதக்கும். கண்ணாடி அலுமாரி மேல் ஒரே நாளில் படிந்துவிடும் அதே பஞ்சைத்தான் கணனியின் ஃபேன் நாள் முழுவதும் உள்ளே இழுக்கிறது. புடவைக்கடையில் துணி நூல், பேக்கரியில் மாவு, ஹாட்வெயாரில் சீமெந்து. எந்த வியாபாரமோ அதற்கேற்ற தூசி.

தோட்டத்து பெக்டரிக்குள் போனவர்கள் கொழுந்து வாட்டும் தொட்டிகளைப் பார்த்திருப்பார்கள். கீழிருந்து பெரிய ஃபேன் காற்றைத் தள்ள, பரப்பிய கொழுந்தினூடாக அது மேலே வரும். ஓரிடத்தில் கொழுந்து அமுங்கிக் கட்டியாகிவிட்டால் அங்கே காற்று ஏறாது. ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அந்த இடம் வாடாது. ஹீட் சிங்கும் அதே தத்துவம்தான். ஃபேன் சுற்றுகிறதே என்று பார்த்துத் திருப்திப்படுவது போதாது. காற்று தகடுகளைக் கடந்து வெளியே வருகிறதா என்று கேசிங்கின் பின்னால் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

சிலர் இதற்கு மாற்றாகப் பக்க மூடியை நிரந்தரமாகக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். வெக்கையான ஊரில் ஓரிரு நாள் சமாளிக்க அது உதவலாம். நிரந்தரமாக வைத்தால் தூசியோடு பல்லியும் கரப்பானும் குடிபுகும்.

மழையும் மூடுபனியும்

குளிர் நண்பன், ஈரம் அப்படியல்ல. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஹட்டன் பக்கம் வெயிலைக் காண்பதே அரிது. அருகிலுள்ள வட்டவளை இலங்கையிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று; ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். தூசி காய்ந்திருந்தால் ஊதினால் போகும். ஈரத்தில் ஊறிய தூசி களியாகித் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். மதர்போர்ட்டில் படிந்தால் உலோகத்தை அரிக்கவும் செய்யும்.

ஈரம் பெரிய நிறுவனங்களையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து பிரைன்வில்லில் வெளிக்காற்றால் குளிரூட்டப்படும் பேஸ்புக்கின் கூடத்தில், 2011 கோடையில் கட்டுப்பாட்டு முறையில் நேர்ந்த பிசகால் காற்றில் ஈரம் 95 வீதத்தைத் தாண்டியது. கட்டடத்துக்குள்ளேயே மேகம் கட்டியதுபோல் ஆகி, சேர்வர்களில் நீர் படிந்து சில செயலிழந்தன.

ஒரு வேடிக்கை என்னவெனில், தினமும் ஓடும் கணனி தன் சூட்டினாலேயே தன்னை உலர்த்திக்கொள்கிறது. பெருநாளுக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கடையைப் பூட்டி வைக்கும்போதுதான் அது ஈரம் குடிக்கிறது. ஆகவே கடையில் யாராவது இருந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். அதேபோல் குளிரில் லொறியில் வந்திறங்கிய மெஷினைச் சனமும் சூடும் நிறைந்த கடைக்குள் கொண்டுவந்த உடனே போடாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் வியர்வை பூக்கும். இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்திருங்கள்.

லொறி என்றதும் நினைவுக்கு வருகிறது. நம்மவர்களில் பலர் கணனியைக் கொழும்பில், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸா போன்ற இடங்களில் வாங்கி அவிசாவளை, கினிகத்தேனை வழியாகக் கொண்டுவருகிறார்கள். அந்த வளைவுகளில் மனிதர்களுக்கே வயிற்றைப் புரட்டும். இன்டெல் புரோசஸர்களோடு வரும் ஃபேன் பெரும்பாலும் நான்கு பிளாஸ்டிக் பின்களால் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கிறது. நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்தால் குலுக்கலில் ஒரு பின் விடுபட்டு, ஹீட் சிங்க் ஒரு மூலையில் தூக்கிக்கொள்ள இடமுண்டு. அதன்பிறகு புத்தம் புதிய மெஷினும் சூடாகும். மதர்போர்ட் கீழ்ப்பக்கம் வரும்படி கேசிங்கைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் ஹீட் சிங்கின் பாரம் புரோசஸரின் மேலேயே இருக்கும். வந்து சேர்ந்ததும், போடுவதற்கு முன் மூடியைக் கழற்றி நான்கு பின்களையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

துப்பரவு செய்வதில் ஓர் எச்சரிக்கை

மூடியைக் கழற்ற முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மென்மையான தூரிகையும், மின்னணுப் பொருட்களுக்கென்று விற்கப்படும் சிறிய ஊதுகருவியும் போதும். ஊதும்போது ஃபேனின் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் தாங்கி கெட்டுவிடும்.

மலையகத்தில் நான் அடிக்கடி காணும் தவறு, கணனியை டயர் கடைக்கு எடுத்துப்போய்க் கம்பிரஷரால் ஊதுவது. மூடுபனி ஊரில் அந்தத் தாங்கிக்குள் அழுத்தப்படுவது ஈரக்காற்று. உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கும். சில வேளை எண்ணெயும் கலந்திருக்கும். தூசியோடு போராடப் போய் மதர்போர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வருவதுதான் மிச்சம்.

ஹீட் சிங்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதியது பூசியே ஆக வேண்டும். புரோசஸரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும்; ஹீட் சிங்கை அழுத்தும்போது அது தானாகப் பரவும். பாணில் பட்டர் பூசுவதுபோல் தடிப்பாகப் பூசுவோர் உண்டு. பேஸ்ட்டின் வேலை இரண்டு உலோகங்களுக்கிடையிலான நுண்ணிய பள்ளங்களை நிரப்புவது மட்டுமே. கூடினால் அதுவே தடையாகும். பழையதைத் துடைக்க ஐசோபுரொப்பைல் அல்ககோல் பாவிப்பார்கள். பெயரைக் கேட்டதும் சிலருக்குத் தயக்கம் வரலாம். அது குடிபானமல்ல, கைத்தொழில் இரசாயனம். அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அல்லது நூல் உதிராத உலர்ந்த துணியால் பொறுமையாகத் துடைத்தெடுக்கலாம்.

பஞ்சு பறக்கும் கடையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்கள் பருவமழைக்கு முன்பும் பின்புமாக ஆண்டுக்கு இருமுறை திறந்து பார்ப்பது என் வழக்கமான ஆலோசனை. நுவரெலியாக்காரர்கள் ஏப்ரல் வசந்தகாலச் சனம் வருமுன் மார்ச்சிலேயே ஒருமுறை செய்துவிடலாம். இடையில் சந்தேகம் வந்தால் கோர் டெம்ப், எச்டபிள்யூ மொனிட்டர் போன்ற மென்பொருட்கள் வெப்பத்தைத் திரையில் காட்டும். பில் போடும்போது 50, 60 என்று நின்றால் கவலை வேண்டாம். சாதாரண வேலைக்கே 85ஐத் தாண்டினால் மூடியைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது.

போவது மெஷின் மட்டுமல்ல

2022ல் டொலரின் விலை மார்ச் மாத ஆரம்பத்தில் இருந்த சுமார் 200 ரூபாவிலிருந்து மே மாதத்தில் 360ஐத் தாண்டியபோது, கணனி உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியதை நாம் மறக்கவில்லை. கடையிலிருக்கும் மெஷினை இன்னும் இரண்டு வருடம் ஓட்ட முடியுமென்றால் அது சேமிப்புத்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டதால் பாதுகாப்புக் கருதி மெஷினை மாற்றுவோரைக் குறை சொல்ல மாட்டேன். அது தக்க காரணம். பஞ்சு அடைத்ததற்காக மாற்றுவது அப்படியல்ல.

இதைவிடப் பெரிய ஆபத்து கணக்கில் இருக்கிறது. தோட்டத்துச் சனத்துக்கு மாதம் முழுவதும் கடனுக்குக் கொடுத்துச் சம்பள நாளில் வாங்கும் வழக்கம் மலையகக் கடைகளில் இன்றும் உள்ளது. முன்பு அது கொப்பியில் இருந்தது. இப்போது பல கடைகளில் கணனியில். கணக்குக் கோப்பு திறந்திருக்கும் நேரத்தில் சூட்டினால் கணனி திடீரென அணைந்தால் புரோசஸருக்கு ஒன்றும் ஆகாது. அதுதானே தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. கோப்புத்தான் சிதையும். யூ.பி.எஸ். இருக்கிறதே என்று ஆறுதலடைய முடியாது. அது மின்வெட்டைத் தாங்கும். இந்த அணைவைத் தாங்காது. கடனை எழுதி வைப்பதை வலியுறுத்தும் ஸூரா அல்பகராவின் 282ஆம் வசனம் அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் என்பது நாமறிந்ததே. யார் எவ்வளவு தரவேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது அழிந்தால் இரு பக்கத்து ஹக்கும் கேள்விக்குள்ளாகும். ஸகாத் கணக்கும் தடுமாறும். ஆகவே சுத்தம் செய்வதோடு, ஒவ்வொரு இரவும் கடை மூடுமுன் கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

நண்பரின் கடையில் அன்று இரண்டு பில்கள் பாதியில் போயின. கடன் கணக்கு தப்பியது. அடுத்த வாரம் மேசன் பாஸைக் கூப்பிட்டு மரப்பெட்டியின் பின்பலகையில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரு பெரிய துவாரங்கள் வெட்டி வலை அடித்துக்கொண்டார். கணனியைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறார். சீனி மூட்டை எதிர்ப்பக்கம் போய்விட்டது. பூவேலைத் துணியை எடுத்துவிட்டால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில், இரவில் கணனியை அணைத்து அது ஆறிய பிறகு மட்டும் போர்த்துகிறாராம்.